நதி விலகிப் போன ஊர்

சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊரின் பெயரைக் கேட்டாலும், "இதை ஆண்ட ராஜா யார்?" என்றுதான் முதலில் விசாரிப்போம். ராஜா அகப்பட்டால் ராணி அகப்படுவாள். ராணி அகப்பட்டால் ஒரு சதி, ஒரு சுரங்கப் பாதை, ஒரு நிலா இரவு எல்லாம் தாமாகவே வந்து சேரும். அப்புறம் எழுத வேண்டியதுதான் பாக்கி.

சிந்து மாகாணத்தில் உள்ள தட்டா என்ற ஜில்லாவைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ராஜாக்களுக்குப் பஞ்சமே இல்லை. சம்மா வம்சத்தார், அர்கூன்கள், தர்கான்கள், மொகலாயர், கல்ஹோராக்கள், தால்பூர் அமீர்கள், கடைசியில் இங்கிலீஷ்காரர்கள் என்று வரிசையாக வந்து போயிருக்கிறார்கள். ஆனால் படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவாயிற்று. இந்தக் கதையில் ராஜாக்கள் எல்லாரும் உபபாத்திரங்கள்தாம். ஊரைக் கட்டியது, வளர்த்தது, கைவிட்டது எல்லாம் ஒரே ஆள். அந்த ஆள் சிந்து நதி.

கராச்சியிலிருந்து கிழக்கே சுமார் அறுபது மைல் போனால் தட்டா நகரம் வரும். பாகிஸ்தானில் சேர்ந்த பூமி. ஜனங்கள் பேசும் பாஷை சிந்தி. ஜில்லா என்ற முறையில் இதற்கு வயசு அதிகமில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் கராச்சி ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. நாடு பிரிந்த பிறகு கராச்சியைத் தலைநகராக்கித் தனியே எடுத்துக்கொண்டபோது, 1948-ல், மிச்சமிருந்த நாட்டுப்புறத்தைத் தட்டா ஜில்லா என்று ஆக்கினார்கள். 2013-ல் அதையும் இரண்டாக வெட்டி, நதிக்குக் கிழக்கே இருக்கும் பகுதிக்கு சுஜாவல் ஜில்லா என்று பெயர் வைத்தார்கள். நான் இங்கே சொல்லப்போவது இரண்டும் ஒன்றாக இருந்த பழைய தட்டாவின் கதை. நெல்லும் கரும்பும் விளையும் ஊர். வெற்றிலைக் கொடிக்கால்கூட உண்டு என்றால் நம் வாசகர்களுக்குக் கொஞ்சம் பற்றுதல் வரும் என்று நினைக்கிறேன்.

முதலில் நதியின் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் கதை புரியாது.

இமயத்துப் பனியிலிருந்து இறங்கி வரும் சிந்து, வழியெல்லாம் வண்டலை வாரிக்கொண்டு வருகிறது. மேட்டு நிலத்தில் வேகம் இருக்கும்வரையில் அந்த வண்டல் கூடவே ஓடிவரும். கடலுக்குப் பக்கத்தில் நிலம் சமதரையாகி வேகம் தளர்ந்ததும் படிய ஆரம்பிக்கும். வருஷா வருஷம் படிந்து படிந்து, நதி தன் படுக்கையைத் தானே உயர்த்திக்கொள்கிறது. கடைசியில் சுற்றியுள்ள வயல்களைவிட ஆறு உயரமாகிவிடும். ஓர் ஆடியிலோ ஆவணியிலோ பெரிய வெள்ளம் வந்து கரை உடைந்தால் தண்ணீர் தாழ்ந்த பக்கமாகப் பாய்ந்து புது வழி பிடித்துவிடும். பழைய வழி மெல்ல மெல்லத் தூர்ந்து மணல் ஓடையாகும். நேற்றுவரை கப்பல் வந்து நின்ற துறையில் இன்று ஆடு மேயும். அப்படி ஏற்பட்டதுதான் பதினேழு கழிகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் அந்தக் கழிமுகம். நதி கொண்டுவந்த மண்ணே அந்த ஜில்லா.

இந்த நீர்வழிகளில் முதன்முதலில் திண்டாடிய பெரிய மனிதன் அலெக்ஸாந்தர். கி.மு. 325-ல் படையோடு சிந்துவின் வழியே இறங்கி வந்தான். கழிமுகத்தின் தலையில் இருந்த பட்டாலா என்ற ஊரை அடைந்து, அங்கிருந்து கடல் பார்க்கப் போனான். மத்தியதரைக் கடலில் வேலியேற்றமும் வேலியிறக்கமும் மிகச் சொற்பம். இங்கே திடீரென்று தண்ணீர் வடிந்து கப்பல்கள் சேற்றில் சாய்ந்தன. சில நாழிகைக்குப் பிறகு அதே தண்ணீர் சுவர்போல எழுந்து வந்து கப்பல்களை மோதிச் சிதைத்தது. உலகத்தை ஜயிக்கப் புறப்பட்டவனின் படை இதைக் கண்டு வெலவெலத்துப் போயிற்று என்று கிரேக்க ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டாலா எங்கே இருந்தது என்று இன்றைக்கும் பண்டிதர்கள் சண்டை போடுகிறார்கள். சண்டைக்குக் காரணமும் நதிதான். இடம் மாறி மாறி ஓடி எல்லா அடையாளங்களையும் அழித்துவிட்டது.

தட்டாவிலிருந்து கராச்சி போகும் வழியில், கரோ என்ற கழியின் ஓரத்தில் பம்போர் என்று ஒரு மண்மேடு இருக்கிறது. 1958-லிருந்து 1965 வரை அங்கே தோண்டினார்கள். கோட்டை மதிலும் வாசல்களும் வீதிகளும் கிடைத்தன. ஒரு மசூதியின் அடித்தளமும் கிடைத்தது. அதைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று ஹிஜ்ரி 109, அதாவது கி.பி. 727 என்று காலம் சொல்கிறது. நம் துணைக்கண்டத்தின் மிகப் பழைய மசூதிகளில் அது ஒன்று. எட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் முகம்மது பின் காசிம் என்ற அரபு சேனாபதி முற்றுகையிட்டுப் பிடித்த தேபல் துறைமுகம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

ஆனால் சிந்திக்காரர்களைக் கேட்டால் பம்போருக்கு வேறு கீர்த்தி சொல்வார்கள். அது சஸ்ஸியின் ஊர். வண்ணார் வீட்டில் வளர்ந்த பெண். மக்ரான் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்த புன்னுவின் மேல் காதல் கொண்டாள். அவனுடைய சகோதரர்கள் அவனுக்கு மதுவூட்டி இரவோடு இரவாக ஒட்டகத்தில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் வெறுங்காலோடு பாலைவனத்தில் தேடிக்கொண்டு ஓடி, வழியிலே மாண்டாள். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷா அப்துல் லத்தீஃப் என்ற சிந்தி மகாகவி அவளைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாகப் பாடியிருக்கிறார். அரபு சேனாபதியின் பெயரைப் பள்ளிக்கூடப் புஸ்தகம் வைத்திருக்கிறது; சஸ்ஸியின் பெயரை ஜனங்கள் வைத்திருக்கிறார்கள்.

கழி தூர்ந்தது, பம்போர் மண்மேடாயிற்று. கப்பல்கள் நகர்ந்து லாஹரி பந்தர் என்ற துறையில் நின்றன. மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா சிந்து நாட்டுக்கு வந்தது 1333-ல். அடுத்த வருஷத்துக்குள் ஆற்று வழியாக லாஹரிக்கும் வந்து பார்த்தார். அதற்குப் பக்கத்தில் இடிந்து கிடந்த ஒரு பாழூரையும் பார்த்து, மனித உருவமும் மிருக உருவமும் போன்ற கற்கள் இறைந்து கிடந்தன என்று எழுதினார். ஆக, அன்றைக்கே அந்தக் கரையில் செத்த ஊர்கள் இருந்தன!

இந்த இப்னு பதூதாவை நாம் வேறு இடத்திலும் பார்த்திருக்கிறோம். மதுரையில் சில காலம் நடந்த சுல்தானியத்தில் வந்து தங்கிய அதே மனிதர்தான். அந்த மதுரை சுல்தானியம் பிறந்ததே, தில்லிக்கு அடங்கிய அதிகாரி ஒருவர் எதிர்த்துக்கொண்டு தனியாட்சி தொடங்கியதால். அப்படி மதுரையைப் பறிகொடுத்த தில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக். தலைநகரைத் தௌலதாபாதுக்கு மாற்றிய அவரைப் பற்றி நம்மவர்கள் நாடகம் போட்டுக்கூடச் சிரித்தாயிற்று. அவருடைய கதை முடிந்த இடம் தட்டா.

தாகி என்ற கலகக்காரன் குஜராத்திலிருந்து தப்பி ஓடித் தட்டாவில் அடைக்கலம் புகுந்தான். அவனைத் துரத்திக்கொண்டு சுல்தான் பெரும் படையோடு வந்தார். தட்டாவை நெருங்கிய சமயம் முகரம் மாசம், நோன்பு இருந்தார். நோன்பு முடிந்ததும் மீன் சாப்பிட்டார். முன்னமே உடம்பில் இருந்த காய்ச்சல் அதிகமாயிற்று. கி.பி. 1351 மார்ச்சில் சிந்து நதிக் கரையில் பாசறையிலேயே கண்ணை மூடினார். தட்டாக்காரர்கள் ஓர் அம்புகூட எய்ய வேண்டியிருக்கவில்லை.

அடுத்த சுல்தான் ஃபிரோஸ் ஷா அந்தப் பாசறையிலேயே பட்டத்துக்கு வந்தார். சில வருஷங்கள் கழித்துப் பழி தீர்க்கத் திரும்பி வந்தார். குதிரைகளுக்குக் கொள்ளைநோய், மனிதர்களுக்குத் தானியமில்லை. குஜராத்துக்குப் பின்வாங்கிப் போகும்போது வழிகாட்டிகள் வேண்டுமென்றே கட்ச் உப்புச் சேற்றுக்குள் கொண்டு விட்டுவிட்டார்கள். மாசக்கணக்கில் அந்தப் படை நல்ல தண்ணீரில்லாமல் உப்பில் அலைந்தது. மறுபடி ஒரு முறை வந்த பிறகுதான் தட்டா பணிந்தது. இந்தத் தில்லிக்காரர்களுக்குத் தட்டாவின் சேனையைவிடத் தட்டாவின் பூமிதான் பெரிய சத்துருவாக இருந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் தட்டாவை ஆண்டவர்கள் சம்மா வம்சத்தார். அவர்களுடைய அரசர்களுக்கு 'ஜாம்' என்று பட்டம். அவர்களில் ஒருவர் ஜாம் தமாச்சி. தட்டாவுக்கு வடக்கே கீன்ஜர் என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதில் மீன் பிடித்துப் பிழைத்தவர்களின் குடிசையில் நூரி என்ற பெண்ணைக் கண்டு அரசர் மனம் பறிகொடுத்தார். அரண்மனையில் எத்தனையோ ராணிகள் நகையும் கர்வமுமாக இருக்க, பணிவு ஒன்றே அணியாக நின்ற நூரியைப் பட்டத்து ராணியாக்கினார். அவளுக்காக மீன்பிடிக்கும் ஜனங்களுடைய வரிகளையெல்லாம் தள்ளிவிட்டார் என்றும் கதை சொல்கிறார்கள். ஏரியின் நடுவில் இன்றும் ஒரு சமாதி இருக்கிறது. நூரியுடையது என்று படகில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். லத்தீஃப் கவி இந்தக் கதையையும் விடவில்லை. அவர் பாடிய காதல்களில் சோகமாக முடியாத காதல் இது. சரித்திரக் கதைக்காரன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் கீன்ஜர் ஏரியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அது மறுபடி வரும்.

சம்மா வம்சத்தில் கீர்த்தி பெற்றவர் ஜாம் நிஜாமுத்தீன். 1461 முதல் 1508 வரை நாற்பத்தேழு வருஷம் ஆண்டார். அவர் தூங்குமிடம் மக்லி. தட்டா நகரத்துக்கு மேற்கே எழும்பியிருக்கும் சுண்ணாம்புக்கல் மேட்டுக்குத்தான் மக்லி என்று பெயர். வெள்ளம் எட்டாத உயரம். ஆகவே சுமார் நானூறு வருஷ காலம் ராஜாக்களும் ராணிகளும் ஞானிகளும் கவிகளும் கவர்னர்களும், அவர்களுக்குப் பக்கத்தில் சாமானிய ஜனங்களும் அங்கே அடக்கமானார்கள். நாலு சதுர மைல் பரப்பில் ஐந்து லட்சம் சமாதிகளுக்குக் குறையாது என்கிறார்கள். 1981-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. ஜாம் நிஜாமுத்தீனுடைய சமாதியின் கல் வேலையில் குஜராத்துக் கோயில் சிற்பிகளின் கைவண்ணம் தெரிகிறது. மேலே குவிமாடம் கட்டத் திட்டமிட்டார்கள்; கட்டி முடிக்கவே இல்லை. ஐந்நூறு வருஷமாக அவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

அவருக்குப் பிறகு வந்தவர்கள் காலத்தில் தட்டாவுக்கு வந்த பெரிய துன்பம் 1555-ல். தர்கான் வம்சத்து மிர்ஸா ஈஸா, வடக்கே பக்கரில் இருந்த தன் எதிரியை அடக்க, போர்ச்சுகீசியரின் உதவியைக் கேட்டிருந்தார். அவர்கள் 28 கப்பலில் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் இவர்களுடைய உதவி தேவைப்படாமல் போயிற்று. "வந்த செலவைக் கொடு" என்றார்கள். கிடைக்கவில்லை. உடனே ஊருக்குள் புகுந்து கொள்ளையடித்து, தீ வைத்து, கண்டவர்களை வெட்டினார்கள். மாண்டவர்கள் 8,000 பேர் என்பது போர்ச்சுகீசியர் பக்கத்துக் கணக்கு.

ஆச்சரியம் என்னவென்றால், அப்படி எரிந்த ஊர் மறுபடி எழுந்து நின்றது. நதி அப்போது பக்கத்தில்தான் இருந்தது. பஞ்சாபிலிருந்து ஆற்றோடு இறங்கும் சரக்கு எல்லாம் தட்டாவைத் தொட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும். 1590-களில் அக்பர் பாதுஷாவின் ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகு வர்த்தகம் இன்னும் பெருகியது. 1635-ல் இங்கிலீஷ் கம்பெனியார் வந்து பண்டகசாலை போட்டார்கள். தட்டாவின் நெசவுக்கு அவ்வளவு மதிப்பு. பட்டும் பருத்தியும் கலந்து, ஜரிகைக் கரை போட்டு நெய்த தட்டா லுங்கி பெரிய மனிதர்கள் பரிசாகக் கொடுத்து வாங்கும் பொருள். லுங்கி என்றதும் நம் வீட்டுத் திண்ணை நினைவுக்கு வரும் வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இது வேறு ஜாதி!

பட்டத்துக்கு வருவதற்கு முன்னால், தந்தையோடு பிணங்கித் திரிந்த நாளில் ஷாஜஹான் தட்டாப் பக்கம் வந்திருந்தார். அப்போது ஊரார் காட்டிய ஆதரவை மறக்காமல் கட்டிக் கொடுத்தது என்று ஒரு பெரிய மசூதியைக் காட்டுகிறார்கள். 1644-ல் ஆரம்பித்து 1647-ல் எழுந்தது. ஆக்ராவின் சலவைக்கல் இங்கே இல்லை. எல்லாம் செங்கல்லும் நீல ஓடுகளும்தான். ஸ்தூபி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் 93 குவிமாடங்கள் உண்டு. முன்னால் நின்று ஒருவர் ஓதும் குரல் கோடி வரையில் தெளிவாகக் கேட்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

1699-ல் அலெக்ஸாந்தர் ஹாமில்டன் என்ற ஸ்காத்லாந்துக் கப்பல் தலைவர் தட்டாவைப் பார்த்தார். மூன்று மைல் நீளம், ஒன்றரை மைல் அகலம் உள்ள பெரிய வியாபார நகரம் என்றும், நானூறு கல்விச்சாலைகள் என்றும் எழுதினார். அதோடு இன்னொன்றும் எழுதினார். அவர் வருவதற்கு முந்திய மூன்று வருஷத்தில் கொள்ளைநோயில் நெசவாளர் மட்டும் 80,000 பேர் மாண்டார்களாம். கப்பல்காரர்களின் கணக்கில் கொஞ்சம் உப்பு அதிகமாகவே இருக்கும். பாதியைத் தள்ளிவிட்டாலும், எத்தனை பெரிய ஊர், எத்தனை பெரிய இழவு என்று விளங்குகிறது.

போர்ச்சுகீசியரின் வாளுக்குப் பிழைத்த ஊர், ஒருவேளை நோய்க்கும் பிழைத்திருக்கும். நதி விலகியதற்குத்தான் பிழைக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சிந்து தட்டாவை விட்டுக் கிழக்கே நகர்ந்தது. லாஹரி பந்தர் தூர்ந்தது. ஔரங்கபந்தர் என்ற துறைக்கு மாறினார்கள், அதுவும் தூர்ந்தது. 1759-ஐ ஒட்டி, குலாம் ஷா கல்ஹோரா அங்கிருந்த ஜனங்களைக் கிளப்பிக்கொண்டு போய் ஷா பந்தர் என்ற புதுத் துறையில் குடிவைத்தார். அங்கே ஒரு தலைமுறைதான் நன்றாக நடந்தது.

1819 ஜூன் 16-ந் தேதி பூமி அதிர்ந்தது. கட்ச் உப்பு நிலத்தில் சிந்திரி என்ற கோட்டை கிட்டத்தட்ட முழுவதும் நீரில் அமிழ்ந்தது. அதற்கு வடக்கே ஐம்பது மைலுக்கு மேல் நீளமான மண் கரை ஒன்று தானாகவே எழும்பி, சிந்துவின் கிழக்குக் கிளையைத் தடுத்து நின்றது. மனிதர் கட்டிய அணைகளிலிருந்து பிரித்துச் சொல்வதற்காக ஜனங்கள் அதற்கு 'அல்லா பந்த்' என்று பெயர் வைத்தார்கள். ஆண்டவன் கட்டிய அணை என்று அர்த்தம். ஏழு வருஷம் கழித்து வந்த வெள்ளம் அதையும் உடைத்துக்கொண்டு போயிற்று. ஷா பந்தரையும் நதி கைவிட்டது. பிறகு கோராபாரி, அதன் பிறகு 1850-ஐ ஒட்டிக் கேட்டி பந்தர். அதுவும் வெள்ளத்தில் அடித்துப் போய், வேறு இடத்தில் மறுபடி கட்டப்பட்டது.

இதற்கு நடுவில், 1729-ல், தூர்ந்துபோன இன்னொரு சிறிய துறையை விட்டுச் சில சிந்தி வணிகர்கள் மேற்கே ஒரு மீன்பிடி கிராமத்துக்குக் குடிபோனார்கள். நதியின் வண்டல் எட்டாத இடம். அந்தக் கிராமம்தான் கராச்சி. இன்று கோடிக்கணக்கான ஜனங்கள் வாழும் நகரம், நதியின் வாய்க்குத் தப்பி ஓடிய வணிகர்கள் போட்ட கடை வீதியில் ஆரம்பித்தது.

இந்த இடத்தில் நின்று கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். பம்போர், லாஹரி, ஔரங்கபந்தர், ஷா பந்தர், கோராபாரி, கேட்டி பந்தர் என்று ஆயிரத்திருநூறு வருஷத்தில் எத்தனை ஊர்கள்! ஆனாலும் அந்த ஜனங்கள் அழிந்து போகவில்லை. நதி போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு நதியின் பின்னால் போனார்கள். பழைய இடத்தில் நெல் வயல் வறண்டால், நதி புதிதாகப் போட்ட வண்டலில் நெல் விதைத்தார்கள். நதியைத் தெய்வமாகவும் வைத்தார்கள். தட்டாவில் மிர்க்ஷா என்ற அரசன் மதத்தின் பேரால் கொடுமை செய்தபோது, ஹிந்துக்கள் நாற்பது நாள் ஆற்றங்கரையில் விரதமிருந்தார்கள் என்றும், அவர்களைக் காக்க நதித் தெய்வமே ஜூலேலால் என்ற பெயரில் பிறந்தது என்றும் ஐதிகம். ஜூலேலால் படத்தைப் பார்த்தால் தாமரை மலரில் ஒரு கிழவர் மீன் மேல் உட்கார்ந்திருப்பார். அது பல்லா மீன். வங்காளிகள் 'இலிஷ்' என்று கொண்டாடுகிறார்களே, அதே மீன். முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து நீந்திப் போகும். சுக்கூரில் நதியின் நடுவே உள்ள மகானுடைய சந்நிதியைத் தரிசிக்கப் போகிறது என்று ஹிந்துவும் முஸ்லிமும் ஒன்றாகவே சொன்னார்கள்.

நாடு பிரிந்தபோது ஊரை விட்டு வந்த சிந்திக் குடும்பங்கள் பம்பாயிலும் சென்னையிலும் எங்கெங்கோ குடியேறினார்கள். சித்திரை பிறக்கும் சமயத்தில் சேட்டி சந்த் என்று வருஷப் பிறப்புக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்குத் தட்டில் விளக்கேற்றி எடுத்துப் போய் அருகிலுள்ள நீரில், ஆறோ ஏரியோ கடலோ எது இருக்கிறதோ அதில், சேர்க்கிறார்கள். ஊர் போனாலும் நதி வழிபாடு விடவில்லை.

இனி இந்தக் காலத்துக்கு வருகிறேன். சிந்துவின் குறுக்கே சுக்கூரில் 1932-லும், தட்டாவுக்கு மேலே கோட்ரியில் 1955-லும், குத்துவில் 1962-லும் அணைக்கட்டுகள் எழுந்தன. 1960-ல் ஏற்பட்ட உடன்படிக்கையில் கிழக்கு ஆறுகள் மூன்று இந்தியாவின் பங்குக்கு வந்தன. மேலே மங்களா, தர்பேலா என்று பெரிய தேக்கங்களும் வந்தன. இவற்றையெல்லாம் நான் குறை சொல்ல வரவில்லை. பாலையாகக் கிடந்த பூமியில் கோதுமையும் பருத்தியும் விளைந்தன. கோடிக்கணக்கான வயிறுகள் நிறைந்தன. அணை கட்டியவர்கள் துக்ளக்கும் அல்ல, போர்ச்சுகீசியரும் அல்ல.

ஆனால் கோட்ரிக்குக் கீழே என்ன ஆயிற்று? ஆடி, ஆவணி, புரட்டாசி கழிந்தால் மற்ற மாசங்களில் பெரும்பாலும் ஆற்றில் மணல்தான் தெரிகிறது. வண்டல் வருவதில்லை. நல்ல தண்ணீர் கடலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவரையில் கடல் தன் எல்லையில் நின்றது. பிடி விட்டதும் கழிகளின் வழியே உள்ளே ஏறி வந்துவிட்டது. கிணறுகள் உப்பாயின. பல லட்சம் ஏக்கர் நிலம் பாழாயிற்று. சிவப்பு நெல் விளைந்து கப்பலேறிய கேட்டி பந்தர், இன்று கடலைத் தடுக்கக் கட்டிய மண் கரைக்குள் ஒண்டிக்கொண்டிருக்கும் மீன்பிடி ஊர். ஒரு காலத்தில் எங்கள் ஊர் முனிசிபாலிட்டி கராச்சிக்கே கடன் கொடுத்தது என்று அவ்வூர்ப் பெரியவர்கள் சொல்லிக்கொள்வார்கள். குடிக்கிற தண்ணீர் அங்கே லாரியிலும் தீவுகளுக்குப் படகிலும் விலைக்கு வருகிறது. பல்லா மீன் கோட்ரி அணையின் கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறது. சுக்கூர் மகானுக்கு இப்போது அந்த யாத்திரிகர்கள் இல்லை.

கீன்ஜர் ஏரியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? கோட்ரி அணையிலிருந்து ஒரு கால்வாய் அந்த ஏரிக்கு வருகிறது. ஏரியிலிருந்து தண்ணீர் கராச்சிக்குப் போகிறது. கராச்சியின் தாகத்தைத் தீர்ப்பது நூரியின் ஏரிதான். அதே ஜில்லாவில், நூரியின் ஜாதி ஜனங்களான மீனவர்கள் குடம் குடமாகத் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார்கள். ஜாம் தமாச்சி வரியைத் தள்ளினார். இந்த வரியைத் தள்ள யாரிடம் போய் நிற்பது?

போய் நின்றுதான் பார்த்தார்கள். 1991-ல் பாகிஸ்தானின் மாகாணங்கள் நதி நீரைப் பங்கிட்டுக்கொண்டு ஓர் ஒப்பந்தம் எழுதின. கடல் உள்ளே வராமலிருக்க வருஷத்துக்குக் குறைந்தது ஒரு கோடி ஏக்கர்-அடி தண்ணீர் கீழே விட வேண்டும் என்று சிந்து மாகாணம் கேட்டது. ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் நீருக்கு ஓர் ஏக்கர்-அடி என்று கணக்கு. மற்றவர்கள் அவ்வளவு வேண்டாம் என்றார்கள். ஆகவே, இரண்டு அபிப்பிராயத்தையும் எழுதி, மேற்கொண்டு ஆராய்ச்சி செய்வது என்று முடிவு செய்து கையெழுத்துப் போட்டார்கள். ஆராய்ச்சிக்காகக் கடல் காத்திருக்கவில்லை.

அங்குள்ளவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. கழிகளில் அலையாத்திக் காடு வளர்ந்தால் அலையின் வேகம் அடங்கும், இறாலும் நண்டும் குஞ்சு பொரிக்கும். 2013 ஜூனில் காரோ சான் தாலுகாவில் சுமார் முந்நூறு ஆட்கள் சேர்ந்து ஒரே நாளில் 8,47,275 கன்றுகள் நட்டார்கள். உலக சாதனை என்று பதிவாயிற்று. மரம் திரும்பி வருகிறது, நல்ல சேதி. ஆனால் மரத்தை நடலாம், நதியை நட முடியாது.

பழைய வழக்கப்படி மூட்டையைக் கட்டிக்கொண்டு நதியின் பின்னால் போகலாமென்றால், இந்தத் தடவை நதி வேறு வழியில் போகவில்லை. வந்து சேரவே இல்லை. ஆகவே அவர்கள் கராச்சியின் ஓரத்துச் சேரிகளுக்குப் போகிறார்கள். இந்த ஜில்லாவின் சரித்திரத்தில் புதிய விஷயம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாள் வந்தது, நோய் வந்தது, பூகம்பம் வந்தது. எல்லாவற்றுக்கும் பிறகு போவதற்கு ஒரு நதிக்கரை இருந்தது.

2010 ஆகஸ்டில், நதி ஒரு முறை பழைய கோபத்தோடு வந்தது. கரைகள் உடைந்தன. சுஜாவல் மூழ்கியது. தட்டா நகரத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கட்டிலையும் ஆட்டையும் பாத்திரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, வெள்ளம் எட்டாத ஒரே மேடான மக்லிக்கு ஏறினார்கள். ராஜாக்களுடைய சமாதிகளுக்கு நடுவில் புடவையைக் கட்டி நிழல் செய்துகொண்டு, அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். நானூறு வருஷம் செத்தவர்களை ஏற்றுக்கொண்ட மேடு அன்றைக்கு உயிரோடிருந்தவர்களை ஏற்றுக்கொண்டது.

அதே வாரங்களில் கீழே கழிமுகத்தில், பல வருஷமாகக் காணாத நல்ல தண்ணீர் கலங்கிச் சிவந்து கடலுக்குள் ஓடிற்று. உப்பு பின்வாங்கியது, மீன் வந்தது. மேலே மக்லியில் நதியால் வீடிழந்தவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். கீழே கேட்டி பந்தர்ப் பக்கத்து மீனவர்கள், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, ஆற்றுத் தண்ணீரைக் கையால் மொண்டு குடித்தார்கள்.